12 எம்எம் கலப்பு பாலிப்ரோப்பிலீன் கயிறு: எட்டு மாசம் கடலில் போட்டுப் பார்த்தது

நாகையில் ஃபைபர் போட் வைத்திருக்கிறேன். நைலான் கயிறு வாங்க எனக்குக் கை வராது. 12 எம்எம் நைலான் 220 மீட்டர் சுருள் இருபது கிலோவை ஒட்டி வரும். அதே தடிமன் பாலிப்ரோப்பிலீன் பதினாலு கிலோ சொச்சம்தான். கயிறு எடைக்கு விற்பது, கிலோ விலையும் நைலானுக்கு அதிகம். அதனால் பல வருஷமாக சாதா பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக் கயிறோடு காலம் தள்ளினேன்.

சாதாக் கயிற்றில் எனக்கு இருந்த பெரிய குறை, அது குலுக்கலைத் தாங்காது. வாடைக் காற்றில் நங்கூரம் போட்டு நிற்கும்போது ஒவ்வொரு அலைக்கும் போட் ஒரு வெட்டு வெட்டும். நைலான் அப்போது ரப்பர் மாதிரி நீண்டு கொடுக்கும். சாதாக் கயிறு கொஞ்சம் நீளும், நீண்டது நீண்டபடியே கிடக்கும். நாலு மாசத்தில் புரியெல்லாம் தளர்ந்து கொழகொழவென்று ஆகிவிடும்.

போன வருஷம் ஒரு கடையில் "இது மாடிஃபைடு சார், வலுவும் உண்டு, இழுவையும் உண்டு" என்று கலப்புக் கயிறு ஒரு சுருள் கொடுத்தார்கள். மூன்று மாசத்தில் மேல்தளத்தில் வெயில் பட்ட பக்கம் முழுக்க முடி முடியாகச் சிலிர்த்து, கையை வைத்து உருவினால் வெள்ளை மாவு ஒட்டியது. கடையில் போய்க் கேட்டால், "கடல்ல போட்டா அப்படித்தான்" என்றார்கள். கடலில் போடத்தானே கயிறே வாங்கினேன்!

அந்தத் துண்டை மச்சான் மகனிடம் காட்டினேன். பிளாஸ்டிக் தொழில்நுட்பம் சொல்லித்தரும் கிண்டி சிபெட்டில் படித்தவன், இப்போது கயிறு நூல் இழுக்கும் ஒரு சின்ன ஆலையில் இருக்கிறான். "மாமா, பாலிப்ரோப்பிலீனுக்கு வெயில்தான் எமன். வெயிலைத் தாங்குற மருந்து போடலைன்னா இப்படித்தான் உதிரும். இதுல பழைய பிளாஸ்டிக்கும் உருக்கிச் சேர்த்திருப்பாங்க" என்றான். சரியான கலப்புக் கயிறு எப்படி ஆகிறது என்று காட்ட ஆலைக்கே கூட்டிக்கொண்டு போனான்.

இரண்டு மணி நேரம் நின்று பார்த்தேன். பாலிப்ரோப்பிலீன் குருணையோடு கொஞ்சம் பாலிஎத்திலீன் குருணை, நிறக் குருணை, வெயில் மருந்து எல்லாம் கலந்து கொட்டுகிறார்கள். இருநூறு டிகிரிக்கு மேல் உருகி, ஓட்டை ஓட்டையாக உள்ள தகடு வழியே இடியாப்பம் பிழிந்த மாதிரி இறங்கி, நேரே தண்ணீர்த் தொட்டியில் விழுகிறது. அந்த நிலையில் ஓர் இழையைக் கையில் வாங்கி இழுத்தேன். சூயிங்கம் மாதிரி நீண்டுகொண்டே போனது, திரும்பவே இல்லை. அதன் பிறகு சூடான அடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு உருளை வரிசை, அந்தப் பக்கம் ஏழெட்டு மடங்கு வேகமாக ஓடும் இன்னொரு வரிசை. நடுவில் இழை இழுபட்டு மெலிந்து இறுகுகிறது. வலு வருவது இங்கேதான். அதோடு விட்டால் இழை விறைத்துப்போய், நீண்டு கொடுக்காது. அதனால் மூன்றாவது வரிசையை ஒரு பிடி மெதுவாக ஓட்டி, சூட்டிலேயே இழையைக் கொஞ்சம் தளரவிடுகிறார்கள். "அவசரத்துக்குப் போடுற ஆலைக்காரன் இந்தத் தளர்த்துறதைத்தான் முதல்ல கைவிடுவான்" என்றான் பையன். இந்தப் பொருளை 1954ல் இத்தாலியில் நாட்டா என்பவர் ஒழுங்காக உண்டாக்கிக் காட்டி, 1963ல் நோபல் பரிசு வாங்கினார் என்று வழியில் ஒரு பாடமும் எடுத்தான். ஊர் வந்து சேரும்வரை அது எனக்குத் தாலாட்டு.

அவன் சொன்ன இடத்தில் ஒரு சுருள் வாங்கினேன். பெயர் போட்டால் விளம்பரம் என்பீர்கள், விடுங்கள்.

வந்ததும் இரண்டு தென்னைக்கு நடுவே செயின் பிளாக்கும், ஏலக்கூடத்துத் தொங்கு தராசும் மாட்டி, மூன்று கயிற்றிலும் பத்துப் பத்து மீட்டர் கட்டி, தராசு 300 கிலோ காட்டும்வரை இழுத்தேன். நைலான் ஒரு மீட்டர் நீண்டது. புதுக் கயிறு 70 சென்டிமீட்டர், சாதா 60. வித்தியாசம் தெரிந்தது இழுவையை விட்ட பிறகுதான். சாதா 25 சென்டிமீட்டர் நீண்டே நின்றது. புதுசு எட்டில் வந்து நின்றது. நைலான் அதற்கும் குறைவு. வீட்டுக்காரி, "துணி காயப்போட ஒரு கயிறு கேட்டு ஆறு மாசமாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

எட்டு மாசத்துக்குப் பிறகும் மாவு உதிரவில்லை, முறுக்கு தளரவில்லை. வாடையில் பழைய வெட்டு பாதியாவது குறைந்தது, அணியத்தில் (போட்டின் முன்பக்கம்) படுத்திருந்தவன் தூங்கியதே சாட்சி.

குறை இல்லாமல் இல்லை. பாலிப்ரோப்பிலீன் தண்ணீரில் மிதக்கும். கலப்பு செய்தாலும் மிதக்கும். நீவாடு (கடல் நீரோட்டம்) நின்றுபோன ஒரு ராத்திரி, தளர்ந்த கயிறு மேலே மிதந்து கிடக்க, பக்கத்துப் போட்டின் இன்ஜின் காற்றாடி (புரொப்பெல்லர்) அதை வெட்டிவிட்டது. மூன்று பாகம் (பாகம் என்றால் ஆறடி) போச்சு. இப்போது நங்கூரத்தோடு நாலு மீட்டர் சங்கிலி சேர்த்து, கயிற்றின் நடுவில் ஒரு ஈயக் கட்டியும் கட்டியிருக்கிறேன். சூடும் ஆகாது. 165 டிகிரியில் உருகிவிடுகிற பொருள். கப்பியில் சறுக்கவிட்டு இறக்கிய இடத்தில் கயிறு கண்ணாடி மாதிரி மினுங்கி, தொட்டால் மொறமொறவென்று இருக்கிறது. நைலானுக்கு இந்தப் பயம் குறைவு. முடிச்சும் வழுக்குகிறது, இரண்டு சுற்று கூடப் போடுங்கள்.

வலையில் மிதவை கோக்கும் மேல்கயிறுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து கிடையாது. மிதக்கிறது, தண்ணீர் குடிக்காது, நனைந்தாலும் கனக்காது. அதற்கென்று 8 எம்எம் சுருள் ஒன்று சொல்லிவிட்டேன். அணியத்தில் இருப்பதில் கப்பி தின்ற ஆறு பாகத்தை வெட்டி எடுத்துவிட்டால் மீதி இன்னொரு வாடை ஓடும். வெட்டிய துண்டில் நல்லதாகப் பார்த்து ஒரு பாகம் வீட்டுக்குப் போகிறது, துணிக் கொடிக்கு.