மியூனிக்கில் இருந்து ஒருநாள் பயணம்: ரேகன்ஸ்பர்க்கா, ஆக்ஸ்பர்க்கா?

மியூனிக்கில் ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் பெரும்பாலோர் நோய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு ஓடுகிறார்கள். அழகுதான், ஆனால் அது 1869இல் கட்டத் தொடங்கியது. நிஜமாகவே பழைய ஊர் பார்க்க ஆசை என்றால் ரேகன்ஸ்பர்க், ஆக்ஸ்பர்க் இரண்டில் ஒன்றுக்கு ரயிலேறலாம்.

தூரத்தில் ஆக்ஸ்பர்க் முந்துகிறது. ஐசிஇ எனும் அதிவேக ரயிலில் அரை மணி நேரம், சாதாரண ரயிலில் முக்கால் மணி. ரேகன்ஸ்பர்க்குக்கு ஒன்றரை மணி ஆகும். பயர்ன் டிக்கெட் என்ற பவேரிய மாநில ஒருநாள் ரயில் சீட்டு எடுத்தால் ஐந்து பேர் வரை ஒரே சீட்டில் நாள் முழுக்கச் சுற்றலாம். ஆனால் ஐசிஇயில் அது செல்லாது. வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும். அதனால் ரேகன்ஸ்பர்க் போவதை சனி, ஞாயிறில் வைத்துக்கொள்வது நல்லது. விடிந்ததும் கிளம்பிவிடலாம்.

அந்த ஒன்றரை மணி நேரம் வீணில்லை. இரண்டாம் உலகப் போரில் ரேகன்ஸ்பர்க்கின் பழைய நகரம் பெரிதாக அடிபடவில்லை, அதனால் சந்துகளில் கால்போன போக்கில் நடப்பதே இங்கே பாதி சுகம். கி.பி. 179இல் மார்கஸ் அரேலியஸ் காலத்தில் எழுந்த ரோமானியப் படைக் கோட்டையின் வாசல் ஒன்று, பிற்காலக் கட்டடத்தின் சுவரோடு சுவராக இன்னும் நிற்கிறது. ராட்சதக் கற்களும் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சும் ஒட்டி நிற்பதைப் பார்க்காமல் தாண்டிப் போகிறவர்கள் நிறைய.

அப்புறம் டான்யூப் மேல் 1135க்கும் 1146க்கும் இடையில் கட்டிய கல் பாலம். இப்போது கார்களுக்கு அனுமதி இல்லை, நடுவில் நின்று ஆசைதீர வேடிக்கை பார்க்கலாம். பாலத்தடியில் ஆற்றோரமாக ஒரு பழைய சாசேஜ் கடை. கரியடுப்பில் சுட்ட விரல் நீள சாசேஜ், புளித்த முட்டைக்கோஸ், இனிப்புக் கடுகு. சுவரில் வெள்ளம் ஏறிய மட்டங்களை வருடத்தோடு குறித்து வைத்திருக்கிறார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் வாசனையோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

ஆக்ஸ்பர்க் வேறு ரகம். கி.மு. 15இல் தொடங்கிய ஊர் என்றாலும் 1944 குண்டுவீச்சில் நிறைய போயிற்று. நகர மண்டபத்தின் தங்க அறைகூட மறுபடி செய்ததுதான். ரேகன்ஸ்பர்க் மாதிரி தெருவெல்லாம் பழமையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும்.

ஆனால் ஃபுக்கராய் வேறெங்கும் கிடைக்காது. பெரும் வணிகர் யாகோப் ஃபுக்கர் ஏழைகளுக்காக 1521இல் நிறுவிய குடியிருப்பு இது. மதில், வாசல், மஞ்சள் சுவர் வீடுகள் என்று ஊருக்குள் ஓர் ஊர். போரில் இடிந்து மீண்டும் கட்டினார்கள், பழைய விதிகளை மட்டும் விடவில்லை. ஆண்டு வாடகை இன்றும் 88 சென்ட்தான். இங்கே குடியேற, தேவையுள்ள ஆக்ஸ்பர்க்வாசியாக, கத்தோலிக்கராக இருக்க வேண்டும். ஃபுக்கர் குடும்பத்துக்காகத் தினம் மூன்று ஜெபங்கள் சொல்ல வேண்டும். இரவு 10 மணிக்கு வாசலை அடைத்துவிடுவார்கள். கதவோர அழைப்புமணிப் பிடிகளைக் கவனியுங்கள், ஒவ்வொன்றும் ஒரு வடிவம். தெருவிளக்கு இல்லாத காலத்தில் இருட்டில் தடவிப் பார்த்தே தன் வீட்டைக் கண்டுபிடிக்கத்தான். உள்ளே போகக் கட்டணம் உண்டு. ஆட்கள் குடியிருக்கும் வீடுகள் என்பதால் ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள்.

முழு நாள் இருந்தால் என் ஓட்டு ரேகன்ஸ்பர்க்குக்கே. மழை நாள், மதியம் வரைதான் நேரம் என்றால் ஆக்ஸ்பர்க்.

பழைய ஊர் என்றால் பலரும் சொல்லும் ரோதன்பர்க் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். ரயில் மாறி மாறிப் போக மட்டுமே மூன்று மணி நேரம் போல ஆகும். அங்கே ஓர் இரவு தங்கினால் சரி, ஒரே நாளில் போய்வர வேண்டாம்.

ரேகன்ஸ்பர்க் ரயில் பாதையிலேயே லாண்ட்ஸ்ஹூட் வருகிறது. திரும்பும் வழியில் இறங்கி, 130 மீட்டர் உயரச் செங்கல் தேவாலயக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வரலாம். நிலையம் சற்றுத் தள்ளி இருப்பதால் பேருந்து பிடிக்க வேண்டும். 1475இல் இந்த ஊரில் நடந்த இளவரசர் திருமணத்தை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஊரே வேடம் கட்டி நடத்திக் காட்டுகிறது. அடுத்த முறை 2027 கோடையில். அந்தச் சமயம் மியூனிக்கில் இருப்பவர்கள் மற்ற இரண்டையும் தள்ளி வைத்துவிட்டு லாண்ட்ஸ்ஹூட்டுக்கே போகலாம்.