ஃபில்லி ரோ ஹவுஸ்: பல வருஷம் குடியிருந்தவன் அனுபவம்

பிலடெல்பியால (சுருக்கமா ஃபில்லி) வேலை பாக்குற நம்ம ஆளுங்க நெறைய பேர் எக்ஸ்டன், கிங் ஆஃப் பிரஷ்யா, இல்லன்னா பாலம் தாண்டி செரி ஹில்னு புறநகர்ல தனி வீடு பாத்து போயிடுறாங்க. சிட்டிக்குள்ள ரோ ஹவுஸ் வாங்கியிருக்கேன்னு சொன்னா ஒரு மாதிரி பரிதாபமா பாக்குறாங்க. "செவுரு ஒட்டிக்கிட்டு இருக்குமாமே, எப்படிங்க தூங்குறீங்க, தாளிச்சா பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வர மாட்டானா" இதான் மொத கேள்வி. நான் வெஸ்ட் ஃபில்லில இப்படி ஒரு வீட்ல பல குளிர்காலம் ஓட்டியாச்சு, வாங்கலாமா வேணாமான்னு யோசிக்கிறவங்களுக்கு ரியல் எஸ்டேட் ஏஜென்ட் வாயால வராத விஷயமா பாத்து எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

மொதல்ல பொருள் என்னன்னு சொல்லிடுறேன். ஏறக்குறைய 15, 16 அடி அகலம், ரெண்டு மாடி, கீழ பேஸ்மென்ட், மேல தட்டையான ரூஃப், செங்கல் முகப்பு. தெருவோட இந்த மூலைலேர்ந்து அந்த மூலை வரைக்கும் இடைவெளியே இல்லாம ஒட்டி ஒட்டி நிக்கும். இந்த ஊர்ல இருக்குற வீடுகள்ல பாதிக்கு மேல இந்த ரகம் தான், சுமார் 60 சதவீதம்னு சொல்வாங்க. 1682ல இந்த ஊர நிறுவின வில்லியம் பென் பிளான் போட்டப்போ ஒவ்வொரு வீட்டையும் சுத்தி தோட்டம் இருக்கணும்னு தான் ஆசைப்பட்டாரு, ஆனா வந்து குடியேறின ஜனம் டெலவேர் ஆத்தோரத்த விட்டு நகரவே இல்ல, மனைய கூறு போட்டு நடுவுல சந்து விட்டு நெருக்கி கட்டிட்டாங்க. எல்ஃப்ரெத்ஸ் ஆலி போனீங்கன்னா அந்த காலத்து சந்து ஒண்ணு அப்படியே இருக்கு, இன்னும் ஆளுங்க குடியிருக்காங்க. ரொம்ப சின்னதா மாடிக்கு ஒரே ஒரு ரூம்னு மூணு ரூம் அடுக்கின மாதிரி டிரினிட்டின்னு ஒரு டைப் இருக்கு. அதுல படி சுருள் சுருளா போகும், கட்டில் மெத்தை எல்லாம் ஜன்னல் வழியா தான் ஏத்தணும், பாக்க அழகு, வயசான அம்மா அப்பா ஊர்லேர்ந்து வந்து தங்குறதா இருந்தா அந்த பக்கமே தலை வச்சு படுக்காதீங்க.

எங்களோடது வெஸ்ட் ஃபில்லில நெறைய பாக்கலாம், முன்னாடி போர்ச் வச்ச டைப். எங்க தாத்தா வீடு அக்ரஹாரத்துல இருந்துச்சு, அங்க திண்ணைக்கு திண்ணை பேச்சு தாவுமே அதே கதை தான் இங்கயும். போர்ச்சுக்கு நடுவுல இடுப்பளவு கைப்பிடி மட்டும் தான் இருக்கு, மே மாசம் வந்துட்டா தெருவே வெளிய வந்து உக்காந்துடும். வலது பக்க வீட்ல ஒரு அம்மா இருக்காங்க, நான் பொறக்குறதுக்கு முன்னாடியிலேர்ந்து இந்த தெருல இருக்காங்களாம். பேருக்கு முன்னாடி மிஸ் போட்டு தான் கூப்பிடணும், தெருல பெரியவங்க எல்லாருக்கும் அதான் மரியாதை, என் பசங்க வெறும் பேர சொல்லி கூப்பிட்டா அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, எதிர் வீட்டுக்காரர் முறைப்பாரு.

சத்தம் பத்தி எல்லாரும் கேக்குறதால சொல்றேன். நடுச்செவுரு பழைய செங்கல்ல நல்ல கனமா தான் கட்டியிருக்காங்க, பேசுறது கேக்காது. ஆனா அதிர்வு கேக்கும். ஏன்னா மாடிய தாங்குற ஜாயிஸ்ட் கட்டைங்க எல்லாம் இந்த பக்க செவுத்துலேர்ந்து அந்த பக்க செவுத்துக்கு தான் போகுது, அவங்க வீட்டு கட்டையும் அதே செவுத்துல தான் வந்து உக்காருது. கல்லு கிரைண்டர கிச்சன் மேடைல செவுத்த ஒட்டி வச்சு சனிக்கிழமை ராத்திரி மாவாட்டுவோம். ஒரு நாள் அந்த அம்மா போர்ச்ல நின்னு "ஹனி, ராத்திரி உங்க வீட்ல ஏதோ மோட்டார் ஓடுதே, ஃபர்னஸ் ரிப்பேரா, ஆள் வேணும்னா நம்பர் தரேன்"ன்னு கவலையா கேட்டாங்க. கிரைண்டர்னு வெளக்கினதும் "அவ்ளோதானா, உங்களுக்கு முன்னாடி இருந்த காலேஜ் பசங்க டிரம்ஸ் வாசிப்பானுங்க"ன்னு சிரிச்சுட்டு போயிட்டாங்க. அப்புறம் நாங்களே அத செவுத்துலேர்ந்து தள்ளி கீழ ரப்பர் மேட் போட்டு வச்சோம். தாளிப்பு வாசனை செவுத்து வழியா போகாதுங்க, பயப்படாதீங்க, உங்க வீட்டு ஸ்மோக் அலாரம் தான் கத்தும். பழைய ரோ ஹவுஸ்ல அடுப்புக்கு மேல இருக்குற ஃபேன் பாதி வீட்ல வெளிய போற குழாயே இல்லாம புகைய அங்கயே சுத்தி விடுற டைப், கிச்சன் பின்னாடி செவுத்துல இருந்தா ஒரு ஓட்டை போட்டு குழாய் எடுத்துடலாம், நாங்க வந்ததும் செஞ்ச மொத வேலை அதான், மொளகாய் வறுக்குற வீடா இருந்தா நீங்களும் அத செஞ்சுட்டு குடி போங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். ரோ ஹவுஸ்ல நீங்க வாங்குறது ஒரு வீடு இல்ல, ஒரு வரிசைல ஒரு பங்கு. பத்திரத்துல அப்படி எழுதியிருக்காது ஆனா மழை பெஞ்சா தெரியும். எங்க பெட்ரூம் சீலிங்ல, இடது பக்க செவுத்து ஓரமா டீ கறை மாதிரி ஒரு திட்டு வந்துச்சு. ரூஃப்காரர் ஒருத்தர் வந்தாரு, மேல ஏறி பாத்துட்டு உங்க ரூஃப் முழுசா பிரிச்சு புதுசா போடணும்னு பெரிய தொகை ஒண்ணு சொன்னாரு. ரெண்டாவதா வந்தவர் ஒரு வயசான மனுஷன், நம்ம ரூஃப்ல ஒரு நிமிஷம் கூட நிக்கல, நேரா பக்கத்து வீட்டு ரூஃபுக்கு நடந்து போயி (எல்லாம் ஒரே தளம் தானே) நடுச்செவுத்து மேல இருந்த தார் பட்டைல ஒரு வெடிப்ப விரலால காட்டினாரு. தண்ணி அவங்க பக்கம் எறங்கி, செவுத்துக்குள்ளயே நகர்ந்து நம்ம சீலிங்ல வந்து முகம் காட்டுது. அவங்க வீட்ல ஒரு சொட்டு ஒழுகல. இப்ப எதுக்கு அவங்க காசு போடணும்? இங்க தான் தெருல நாலு பேர்கிட்ட முகம் குடுத்து பேசி வச்சிருக்குறது வேலைக்கு ஆகும், செலவ ஆளுக்கு பாதின்னு பேசி முடிச்சோம். அந்த வீடு வாடகைக்கு விட்டு ஓனர் வேற ஸ்டேட்ல இருந்திருந்தா நான் இன்னும் பக்கெட் வச்சுக்கிட்டு தான் இருப்பேன்.

ரூஃபுக்கு சில வருஷத்துக்கு ஒரு தடவை வெள்ளி கலர்ல அலுமினியம் பெயின்ட் அடிக்கணும், சில்வர் கோட்னு சொல்வாங்க. வெயில் ரூஃப்ல படாம திருப்பி அனுப்பும், அடிக்காம விட்டா ஜூலைல மேல் மாடி அடுப்பு தான். ஜன்னல் ஏசி ரூமுக்கு ஒண்ணு வேணும். குளிர்காலத்துல ஆனா இந்த வீடு தங்கம், ரெண்டு பக்கமும் பக்கத்து வீட்டு சூடு, முன்பக்கமும் பின்பக்கமும் மட்டும் தான் காத்து படும், அதனால புறநகர்ல தனி வீடு வச்சிருக்குற ஃப்ரெண்டோட கேஸ் பில்லு பக்கத்துல எங்களுது வைக்கவே கூச்சமா இருக்கும். மூலை வீடு வாங்குனீங்கன்னா வெளிச்சம் கூட கெடைக்கும், ஆனா அந்த திறந்த பக்கச் செவுரு வெளிய புடைக்குதான்னு பாருங்க. பழைய வீட்டு செவுத்துல நட்சத்திரம் மாதிரி இரும்பு தகடு பாத்திருப்பீங்களே, அது அலங்காரம் இல்ல, செவுத்த உள்ள இருக்குற கட்டையோட சேத்து இழுத்து புடிக்கிற போல்ட்.

ஒட்டி இருக்குறதோட பயங்கரமான முகத்தையும் இந்த ஏரியா பாத்திருக்கு. 1985 மே 13ல இங்க ஓசேஜ் அவென்யூல மூவ்ங்கிற கறுப்பின விடுதலைக் குழு இருந்த ரோ ஹவுஸ் மேல போலீஸ் ஹெலிகாப்டர்லேர்ந்து வெடிகுண்டு போட்டாங்க, தீய உடனே அணைக்காம விட்டாங்க, 11 பேர் செத்தாங்க, அதுல 5 பேர் குழந்தைங்க. ரூஃபுக்கு ரூஃப் பரவி 61 வீடு போச்சு. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அந்த புகை இன்னும் ஞாபகம் இருக்கு, அத பத்தி அவங்களா ஆரம்பிச்சா தான் பேசுவாங்க, நான் கேக்குறதில்ல.

பேஸ்மென்ட். கேஸ் மீட்டர், ஹீட்டர், தண்ணி ஹீட்டர், துணி தொவைக்கிற மெஷின் எல்லாம் அங்க தான். கேஸ் கம்பெனி ஊருக்கே சொந்தம், நாட்டுலயே நகராட்சி நடத்துற கேஸ் கம்பெனிகள்ல பெருசு அது தான். எல்லாருக்கும் தெரியாம போற விஷயம் சாக்கடை. வீட்லேர்ந்து நடுரோட்ல இருக்குற மெயின் வரைக்கும் போற பைப்பு முழுக்க உங்க பொறுப்பு, நடைபாதைக்கு அடில இருந்தாலும் சரி ரோட்டுக்கு அடில இருந்தாலும் சரி. நடைபாதை ஓரத்துல வட்டமா ஒரு சின்ன மூடியோ வளைஞ்ச குழாயோ இருக்கும், அது கர்ப் டிராப்போட, அதாவது சாக்கடை நாத்தம் வீட்டுக்குள்ள வராம தடுக்குற வளைவோட காத்து குழாய். மூடி ஒடைஞ்சிருந்தா மண்ணு, இலை, சிப்ஸ் பாக்கெட் எல்லாம் உள்ள விழுந்து அடைச்சு, தண்ணி பேஸ்மென்ட்ல மேல வரும். மூடி சில டாலர் தான், தோண்டி பைப்பு மாத்துறது ஆயிரக்கணக்குல போகும். சிட்டி தண்ணி டிபார்ட்மென்ட் இதுக்கு ஹெல்ப் லோன்னு வட்டி இல்லாம கடன் குடுக்குது, நெறைய பேருக்கு தெரியாது. மழை தண்ணியும் சாக்கடையும் ஒரே பைப்புல போற பழைய சிஸ்டம் தான் ஊர்ல பாதிக்கு மேல, அதனால பெருமழைல தாழ்வான தெருக்கள்ல இருக்குறவங்களுக்கு டென்ஷன் தான். பழைய ஓடைகள மூடி அது மேல தெரு போட்ட ஏரியாவும் இருக்கு. நார்த் ஃபில்லில லோகன் பக்கம் ஓடைப்பள்ளத்த சாம்பல் கொட்டி மேடாக்கி அது மேல வரிசையா வீடு கட்டுனாங்க, 1986ல ஒரு கேஸ் வெடிப்புக்கு அப்புறம் தான் வீடெல்லாம் கீழ எறங்குதுன்னு தெரிஞ்சுது, கிட்டத்தட்ட 1,000 வீட்டுக்காரங்கள காலி பண்ண வச்சாங்க. அதனால உங்க தெருக்கு அடில பழைய ஓடை ஏதாவது இருக்கான்னு மேப் தேடி பாருங்க, நெட்ல கெடைக்குது.

பார்க்கிங் பத்தி என்ன சொல்ல, தெரு தான் கராஜ். சவுத் ஃபில்லி நிலைமை இன்னும் மோசம், பிராட் ஸ்ட்ரீட் நடுவுலயே வரிசையா நிறுத்தி வச்சிருப்பாங்க, சட்டப்படி கூடாது, காலம் காலமா நடக்குது. பனி பெஞ்சா ஒரு மணி நேரம் தோண்டி எடுத்த இடத்துல பிளாஸ்டிக் சேர் போட்டு புடிச்சு வைப்பாங்க, சேவ்சீஸ்னு பேரு, போலீஸ் ஒவ்வொரு வருஷமும் அது தப்புன்னு சொல்லும், ஒவ்வொரு வருஷமும் சேர் இருக்கும். அடுத்தவர் சேர நகர்த்தாதீங்க, அவ்ளோதான் சொல்லுவேன். பனி பெய்யுறது நின்ன 6 மணி நேரத்துக்குள்ள நடைபாதைல 3 அடி அகலத்துக்கு பனிய தள்ளணும்னு ரூல், 16 அடி வீட்டுக்கு அது பெரிய வேலை இல்ல, எங்க தெருல யார் மொதல்ல எறங்குறாங்களோ அவங்க பக்கத்து ரெண்டு வீட்டுக்கும் சேத்து தள்ளிடுவாங்க.

குப்பை. பின்னாடி சந்து இல்லாத வீட்ல குப்பை டப்பா வீட்டுக்குள்ள வழியா தான் வெளிய வரணும், இத வீடு பாக்க போறப்ப யாரும் யோசிக்கிறதில்ல. 2025 ஜூலை 1ல சிட்டி தொழிலாளர் யூனியன் டிசி 33 ஸ்ட்ரைக் பண்ணப்போ, சுமார் 9,000 பேர் வேலைக்கு வரல, எட்டு நாள் வீட்டு வாசல்ல குப்பை எடுக்கல, நல்ல வெயில். அவங்க சம்பளம் எவ்ளோன்னு தெரிஞ்சவங்க யாரும் எங்க தெருல அவங்கள திட்டல, அத சொல்லியே ஆகணும். தெரு சுத்தத்த பாத்துக்க பிளாக் கேப்டன்னு நெறைய தெருல ஒருத்தர் இருப்பாங்க, எங்க பிளாக் கேப்டன் வீடு வீடா வந்து மீன் கழிவு கோழி கழிவு எல்லாம் கட்டி ஃப்ரீசர்ல வைங்க, வெளிய வச்சா எலி ஒரு வீட்ல நிக்காது வரிசை பூரா வரும்னு சொல்லிட்டு போனாங்க. அந்த வாரம் எங்க ஃப்ரீசர்ல ஐஸ்கிரீமுக்கு எடமில்ல.

காசு கணக்கு சீக்கிரமா சொல்லிடுறேன். சிட்டில குடியிருந்தா சம்பளத்துல சிட்டி புடிக்கிற வேஜ் டாக்ஸ் உண்டு, 2025 ஜூலை கணக்குப்படி 3.74 சதவீதம், புறநகர்ல இருந்து சிட்டிக்குள்ள வேலை பாத்தாலும் அதுல கொஞ்சம் தான் கொறையும், அதனால அத காரணமா சொல்லி ஓடுறதுல பெருசா லாபமில்ல. சொத்து வரி மதிப்புல 1.3998 சதவீதம், நீங்களே குடியிருந்தா ஹோம்ஸ்டெட்ங்கிற வரிச் சலுகைக்கு அப்ளை பண்ணுங்க, மதிப்புல 1,00,000 டாலர் கழிச்சுடுவாங்க. ஸ்கூல் பத்தி தனியா எழுதணும், தெருக்கு தெரு மாறும். எங்களுக்கு கார் ஒண்ணு போதும், பால்டிமோர் அவென்யூல டிராலி (டிராம்) ஏறினா 40வது தெருல பூமிக்கடில பூந்து சிட்டி ஹால் பக்கத்துல எறக்கி விடுது, ரெண்டாவது கார் இன்ஷூரன்ஸ் மிச்சம்.

யாருக்கு ஒத்து வரும்னா, பக்கத்து வீட்டுக்காரர் மூஞ்சி தெரியாம இருக்குறது தான் நிம்மதின்னு நெனக்கிறவங்களுக்கு ஒத்தே வராது. மத்தவங்க தாராளமா பாக்கலாம், எனக்கு பிடிச்சிருக்கு, வித்துட்டு போற ஐடியா இல்ல. வாங்க போறீங்கன்னா இன்ஸ்பெக்ஷன்ல ரெண்டு விஷயத்துக்கு காசு பாக்காதீங்க. ஒண்ணு, சாக்கடை பைப்புக்குள்ள கேமரா விட சொல்லி அந்த வீடியோவ நீங்களே உக்காந்து பாருங்க. ரெண்டு, ரூஃப் ஏறுறவர பக்கத்து ரெண்டு ரூஃபையும் சேத்து போட்டோ எடுக்க சொல்லுங்க. முடிஞ்சா மழை பெஞ்ச மறுநாள் பேஸ்மென்ட் போய் மோந்து பாருங்க. அப்புறம் ஏஜென்ட் கார்ல காத்துக்கிட்டு இருந்தாலும் பரவால்ல, பக்கத்து வீட்டு போர்ச்ல யாராவது இருந்தா நின்னு ஹலோ சொல்லி ரூஃப் எப்ப போட்டீங்கன்னு கேளுங்க. ஃபில்லி ஆளுங்க கேட்டா சொல்லுவாங்க, நீங்க பாக்க வந்த வீட்ட ஏன் விக்கிறாங்கங்கிறதையும் சேத்து சொல்லுவாங்க.