மச்சான் விட்டுப்போன 8×42 தூரக்கண்ணாடி: பத்து மாதப் பாவனைக்குப் பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கண்ணாடியைச் செய்த கொம்பனியின் பெயர் எனக்குத் தெரியாது. முன்பக்கத்து வெள்ளி எழுத்து மினுங்கினால் மான் கண்டுவிடும் என்று மச்சான் அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தான். நானும் உரித்துப் பார்க்கவில்லை. வெளியே தெரிவது 8×42 என்ற இலக்கம் மட்டும்தான்: எட்டு மடங்கு பெருப்பித்துக் காட்டும், முன் கண்ணாடியின் அகலம் 42 மில்லிமீற்றர். வாங்க நினைப்பவருக்கு அது போதும்.

மச்சான் என் மனைவியின் தம்பி. கனடாவில், ஒன்ராறியோவில் லொறி ஓட்டுகிறான். ஒக்டோபர் பிறந்தால் குறுக்குவில்லைத் தூக்கிக்கொண்டு மான் வேட்டைக்குப் போய்விடுவான். அங்கே அது ஒளித்துச் செய்கிற வேலை இல்லை. வகுப்புக்குப் போய்ப் பாஸ் பண்ணவேண்டும், லைசென்ஸ் எடுக்கவேண்டும், விழுத்திய மானுக்குக் கணக்குக் காட்ட 'ரக்' என்று ஒரு துண்டு வைத்திருக்கவேண்டும். அவனிடம் இருந்தது ஒரேயொரு கலைக்கான, அதாவது ஆண் மானுக்கான துண்டு. பிணை, அதாவது பெண் மான் வேண்டுமென்றால் தனியாக விண்ணப்பித்துக் குலுக்கலில் விழவேண்டும். சூரியன் உதிக்க அரை மணி முந்தித் தொடங்கி, மறைந்து அரை மணி வரைக்கும்தான் எய்யலாம். இந்தக் கண்ணாடியின் அருமை அந்தக் கடைசி அரை மணியில்தான் இருக்கிறது.

போன வருடம் ஒக்டோபர் முதல் கிழமை. இங்கே விடியப்புறம் ஐந்து மணி இருக்கும், நான் வன்னியில் முத்தையன்கட்டுப் பக்கம் எங்கள் கச்சான் தோட்டத்துக் கொட்டிலில் பன்றிக்குக் காவல் கிடக்கிறேன். அங்கே முதல் நாள் பின்னேரம், பொழுது பட்டுவிட்டது. வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. போனைத் தூரக்கண்ணாடியின் வாயில் வைத்துப் பிடித்து எடுத்தது. கரையெல்லாம் வட்டமாகக் கறுத்திருக்க, நடுவில் ஒரு கலை நின்று ஓக் மரத்துக் கொட்டை பொறுக்குகிறது. எங்கள் காட்டில் பாலைப்பழம் கொட்டும் காலத்தில் மான் நிற்குமே, அதே நிலை. கீழே எழுத்து: "அத்தான், கொம்பில எட்டுக் கிளை. மூண்டு நாளா ஒரே நேரத்துக்கு வாறான். 25 யார்தான். நாளைக்குப் போடவோ, விடவோ?"

நான் மானைப் பார்க்கவில்லை, முதலில் படத்தைத்தான் பார்த்தேன். அந்த மங்கலிலும் மானின் வயிற்றுக் கோடு பிசிறில்லாமல் தெரிந்தது. என்னிடம் அப்போது இருந்தது வவுனியா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நடைபாதையில் வாங்கிய மடக்குக் கண்ணாடி. அதில் 30×60 என்று அடித்திருக்கும். ஒருநாள் அடிமட்டம் வைத்துப் பார்த்தேன், முன் கண்ணாடி மூன்று சென்ரிமீற்றர்கூட இல்லை. பகலில் கொக்கு பார்க்கலாம். பொழுது பட்டால் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பதும் அதால் பார்ப்பதும் ஒன்று.

சரி, மானுக்கு வருவோம்.

எங்கள் அப்பு, மருந்து இடித்து நிரப்பும் இடியன் துவக்கோடு காடு திரிந்தவர். அப்போது ஊரில் மான் வத்தல் இல்லாத அடுப்புப் பறண் குறைவு, தேனில் ஊறப்போட்ட வத்தலும் இருக்கும். அவர் சொல்வது: "கொம்பு மரத்தில பூ மாதிரியடா. விழும், முளைக்கும். நீ வயித்தைப் பார்." அந்த வெள்ளைவால் மானிலும் அதைத்தான் பார்த்தேன். கால் நெட்டையாகத் தெரிந்தது. வயிறு பின்னங்காலை நோக்கி மேலே ஏறியிருந்தது. கழுத்து ஒல்லி, நெஞ்சோடு சேரும் இடம் தனியாகத் தெரிந்தது. வயது போன கலைக்கு நெஞ்சு இறங்கி, வயிறு நேராகத் தொங்கி, கால் கட்டையாகிவிட்டது போலத் தோன்றும். இவனுக்கு இரண்டரை வயதுக்கு மேல் இராது என்று எழுதினேன். எட்டுக் கிளை என்பது அவன் தின்ற சோயாவின் கைங்கரியம்.

ஆனால் ஒக்டோபர் தொடக்கத்தில் வயது மட்டிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. கலைகளின் கழுத்துத் தடிப்பது ஒக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும், பிணைகளைத் துரத்தும் காலம் நெருங்கும்போதுதான். அதற்கு முன் கிழவனுக்கும் கழுத்து மெலிவாகவே இருக்கும். ஆகவே கழுத்தை மட்டும் நம்பி 'குஞ்சு' என்று விட்டுவிட முடியாது. முதுகுக் கோடு, வயிற்றுக் கோடு, கால் என்று மூன்றையும் பார்க்கவேண்டும். அதற்கு வேண்டியது பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி இல்லை, கோட்டைக் கோடாகக் காட்டும் கண்ணாடி.

வயதைச் சொல்லியாயிற்று, விடு என்று சொல்வது அவ்வளவு சுகமில்லை. ஒக்டோபர் தொடக்கத்தில்தான் கலைகள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து, படுக்கைக்கும் தீனிக்கும் ஒரே பாதையில், மணிக்கூடு வைத்தது போல வரும். மாதம் கடைசியானால் அந்த ஒழுங்கெல்லாம் போய்விடும். இன்று இங்கே நிற்பவன் நாளை மூன்று கட்டை தூரம் தள்ளிப் பிணைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருப்பான். இறைச்சியும் இப்போதுதான் கொழுப்போடு இருக்கும், துரத்தித் திரிந்த பிறகு வற்றிவிடும். எங்கள் அப்பு என்றால் யோசித்தே இருக்கமாட்டார், இளங்கலையைத்தான் தேடிச் சுடுவார். கிழட்டுக் கலையை அவித்தால் விறகுதான் நட்டம் என்பார். அவருக்குக் கொம்பு கத்திப்பிடிக்கு மட்டும்.

"ஃப்ரீசருக்கு எண்டால் போடு. சுவரில கொழுவ எண்டால் விடு" என்று எழுதினேன். வெகுநேரம் பதில் இல்லை. பிறகு வந்தது: "ரெண்டுக்கும் தான் அத்தான்." அடுத்த நாளும் கலை வந்தது. அடுத்த நாளும் வீடியோதான் வந்தது. விட்டுவிட்டான். நவம்பர் முழுக்க இருந்து பார்த்தும் பெரியவன் ஒருவனும் வரவில்லை. துண்டு பாவிக்காமலே காலம் முடிந்தது. அவன் மனைவி என் மனைவிக்குப் போன் எடுத்து, "உங்கட மனுசன்ர புத்தியாலதான் எங்கட ஃப்ரீசர் காலியாக் கிடக்கு" என்றாள். அதற்கு எனக்கும் வீட்டில் கேட்க இருந்தது.

மார்கழியில் ஊருக்கு வந்தவன் கண்ணாடியை என்னிடமே விட்டுப்போனான். அடுத்த முறைக்கு 12×50 வாங்கப் போகிறானாம், இன்னும் கிட்டத் தெரியுமாம். இது அங்கே வரியோடு 260 டொலருக்குக் கிட்ட, எங்கள் காசில் 55,000 ரூபாய் மட்டில். நானாக வாங்கியிருக்கமாட்டேன். இரண்டு மூடை பசளையாவது வந்திருக்கும் என்று கணக்குப் பார்த்திருப்பேன்.

இப்போது பத்து மாதம். மாரியும் பார்த்தாயிற்று, ஆவணி வெயிலும் பார்த்தாயிற்று.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. 42ஐ 8ஆல் பிரித்தால் 5.25. கண்ணாடியைக் கைநீட்டிப் பிடித்தால் கண்வைக்கும் பக்கத்தில் ஒரு வெளிச்ச வட்டம் தெரியும், அதன் அகலம் அத்தனை மில்லிமீற்றர். என் வயதில் கண்மணி இருட்டில் விரிவதும் ஏறத்தாழ அவ்வளவுதான், ஆகவே அது தருகிற வெளிச்சத்தில் பெரும்பகுதி கண்ணுக்குள் வந்துவிடுகிறது. மச்சானின் புது 12×50இல் அந்த வட்டம் 4.2க்குள் சுருங்கும். பெருப்பித்துக் காட்டக் காட்டக் கை நடுக்கமும் பெருக்கும். 12 என்றால் மரத்தில் சாய்ந்துகொண்டு பார்த்தாலும் கண்ணாடிக்குள் மான் துள்ளும், வெளியே மான் நின்றபடி நிற்கும்.

மாசிப் பனியிலும் மழைத் தூறலிலும் உள்ளே பனிப்புகார் பிடிக்கவில்லை. என் மூச்சுப் பட்டு வெளிக் கண்ணாடி மங்கியது, அது அதன் குற்றமில்லை. மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண்வளையத்தைக் கீழே திருகி விட்டுப் பார்க்கலாம், எனக்கு வட்டம் முழுசாகத் தெரிகிறது. இடது வலது கண் பார்வை வித்தியாசமானவர்கள் வலப்பக்கத்துச் சிறு வளையத்தை ஒருமுறை சரிசெய்யவேண்டும்: வலக்கண்ணைப் பொத்தி நடுச்சில்லால் இடதைத் தெளிவாக்கி, பிறகு இடதைப் பொத்தி அந்த வளையத்தால் வலதைத் தெளிவாக்கினால் சரி. இதைச் செய்யாமல் 'தலையிடிக்குது' என்று எறிந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. கழுத்துப் பட்டி ஒரு சுத்தக் கோதாரி, ஒரு மணி நேரத்தில் பிடரியை அறுக்கும். நான் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டித் தைத்திருக்கிறேன். வலக் கண்வளையம் இறுக்கம் விட்டு, தன்பாட்டில் கீழே இறங்குகிறது. முன் மூடிகள் இரண்டும் முதல் மாதத்திலேயே காட்டுக்குள் போயின. முழு இருட்டில் இதால் ஒன்றும் ஆகாது, அதற்கு ரோச்தான். வைக்கும் பையில் எறும்பு குடியேறுகிறது. எங்கள் ஈரக் காற்றில் கண்ணாடிக்குள் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் சோற்றுப் பெட்டி ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு மூடிவைக்கிறேன்.

வன்னியில் பாவிப்பவருக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். தூரக்கண்ணாடி கழுத்தில் தொங்கினால் இங்கே இன்னமும் ஆட்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். ஒருநாள் குளக்கட்டில் சீருடைக்காரர் இருவர் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டி, எதைப் பார்க்கிறாய் என்று கேட்டார்கள். பேசாமல் கையில் கொடுத்தேன். அக்கரையில் மான் மேய்ந்தது. ஒருவர் மாறி ஒருவர் பார்த்து, என் தேத்தண்ணி ஆறும்வரை திருப்பித் தரவில்லை.

அந்தக் குளத்தில்தான் ஆவணி, புரட்டாதி முழுக்க இதைப் பாவித்தேன். தண்ணீர் வற்றி உள்ளே புல் முளைத்ததும் புள்ளிமான் வெளியே வரும். ஒரே கூட்டத்தில் ஒரு கலைக்கு முற்றிய கொம்பு, இன்னொன்றுக்கு இன்னும் தோல் மூடிய கொம்பு. கனடாவில் எல்லாம் ஒன்றாக முளைத்து ஒன்றாக விழும், எங்களதுக்கு அந்த ஒழுங்கு இல்லை. ஆக இங்கே கொம்பை வைத்து வயது சொல்வது இன்னும் மோசம். முகம் கறுத்து, கழுத்துத் தடித்து, மற்றவை தலை குனிந்தாலும் தான் குனியாமல் நிற்கிற ஒன்று இருந்தது. அதை அடையாளம் பிடிக்க எனக்கு நாலு பின்னேரம் பிடித்தது.

நான் சுடுவதில்லை. துவக்கும் இல்லை, 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் இருக்கிறது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து காடு அமைதியாக இருப்பதாக யாரும் நினைக்கவேண்டாம். கண்ணித்தடமும், கயிறு தட்டுப்பட்டால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கும் வைக்கிறார்கள். மச்சான் ஒரு கலைக்காக மூன்று நாள் நித்திரை கொள்ளாமல் யோசித்தான். கட்டுத்துவக்கில் கயிற்றைத் தட்டுவது பிணையா, குட்டியா, விறகுக்குப் போன ஆளா என்று எதுவும் பார்க்காது.

தோட்டக்காரனுக்கு இதன் உண்மையான உபயோகம் யானை. கட்டால் இறங்குமுன் ஒருமுறை சுழற்றிப் பார்த்தால் பற்றைக்குள் நிற்கும் கறுப்பு எருமையா மற்றதா என்று தெரியும். 55,000 ரூபாய்க்கு அது ஒன்றே போதும் என்று மனைவியும் ஒத்துக்கொண்டாள். பகலில் மட்டும் பார்ப்பவர் இவ்வளவு செலவழிக்கத் தேவையில்லை, விடியலிலும் மைமலிலும் நிற்பவர் 8×42க்குக் குறைந்து வாங்கவேண்டாம்.

போன கிழமை விடியப்புறம் மறுபடி வட்ஸ்அப். இம்முறை வீடியோ முழுக்கத் துள்ளுகிறது. ஓக் மரத்தடியில் ஏதோ நிற்கிறது, நெஞ்சு இறங்கியிருப்பது போலவும் இருக்கிறது, இல்லாதது போலவும் இருக்கிறது. "அத்தான், அவன்தான் போல கிடக்கு. 12ஆல பாத்து ஒண்டும் விளங்கேல்லை. போடவோ விடவோ? அந்தப் பழைய கண்ணாடியை ஆரும் வாற ஆக்களிட்ட குடுத்து விடுறியளோ?"

முதல் கேள்விக்கு உடனே பதில் எழுதிவிட்டேன். இரண்டாவதற்கு இன்னும் எழுதவில்லை. கச்சானுக்குப் பன்றி வரத் தொடங்கிவிட்டது.