'நாமா, நாங்களா?' என்று கேட்ட மொழிபெயர்ப்புக் கடை

கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் பழைய வீட்டுக்குக் கூரை மாற்ற ஒரு குத்தகையாளரைப் பேசியிருந்தோம். ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம் கொடுத்தார். அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். தம்பி மலாய்ப் பள்ளியில் படித்தவன். கைப்பேசிச் செயலியில் போட்டு இரண்டு மொழியிலும் எடுத்துக் கொடுத்தேன். அங்கேதான் வந்தது வினை.

செலவு கூடினால் 'வீ' (we) ஏற்போம் என்று ஒரு வரி. அம்மாவின் தாளில் அது 'நாங்கள்' ஆனது. தம்பியின் தாளில் 'கித்தா', அதாவது 'நாம்'. கூடுதல் செலவைக் குத்தகையாளரே கட்டுவார் என்றார் அம்மா. எல்லாரும் சேர்ந்துதான் கட்டவேண்டும் என்றான் தம்பி. இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை.

பிறகுதான் பிரிக்பீல்ட்ஸில், ஜாலான் துன் சம்பந்தனில் இருக்கும் இந்த மாடிக்கடைக்குப் போனேன். மறுநாளே அங்கே மொழிபெயர்க்கும் பெண் போன் செய்தார். "அக்கா, இது நாமா, நாங்களா? மலாயில் கித்தாவா, காமியா? குத்தகையாளரைக் கேட்காமல் நான் எழுதமாட்டேன்." இந்த ஒரு கேள்விக்காகவே இவர்களுக்கு முழு மதிப்பெண் தருவேன்.

தாளை வாங்கப் போனபோது பொறுமையாக விளக்கினார். 'செலவு கொஞ்சம் கூடலாம்' என்பது தெளிவின்மை; எவ்வளவு என்று தெரியாது. 'வீ' அப்படியில்லை. இரண்டு பொருளும் பளிச்சென்று இருக்கின்றன, எதைச் சொன்னார் என்பதுதான் தெரியவில்லை. ஆங்கிலத்தில் ஆம்பிகுவிட்டி என்பது இதைத்தான். தமிழில் பொருள் மயக்கம். தொல்காப்பிய உரையில் வரும் 'செம்பொன்பதின்தொடி'யையும் எழுதிக் காட்டினார். தொடி என்பது பழைய எடை அளவு. செம்பொன் பதின் தொடி என்று பிரித்தால் பத்துத் தொடி தங்கம். செம்பு ஒன்பதின் தொடி என்று பிரித்தால் ஒன்பது தொடி செம்பு. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பள்ளியில் இதை யாரும் இப்படிச் சொல்லித் தந்ததில்லை.

அம்மா எழுதிய பதிலையும் ஆங்கிலத்தில் செய்யக் கொடுத்தேன். 'அவர் வந்து பார்க்கட்டும்' என்ற இடத்தில் மறுபடி நிறுத்தினார்: அவர் ஆணா, பெண்ணா? மலாய் என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் 'டியா' போதுமாம், ஆங்கிலத்துக்குத் தெரிந்தாகவேண்டும்.

குத்தகையாளர் கடைசியில் 'கூடுதல் செலவு என் பொறுப்பு' என்று கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டார். தம்பி அதை இரண்டு முறை வாசித்தான்.

மூன்று நாள் ஆனது, அறுபது வெள்ளி (ரிங்கிட்). மாடிப்படி செங்குத்து, அம்மா ஏறமுடியாமல் கீழேயே உட்கார்ந்திருந்தார். கார் நிறுத்த இடம் கிடைப்பது சிரமம், மோனோரயிலில் வாருங்கள்.