ஏழு ஆண்டுகள், நான்கு பெட்டிகள்: யாழ்ப்பாணத்தில் ஜியோகேச் பராமரித்த அனுபவம்

கடந்த ஆண்டு நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்த நாள்களில், ஒரு காலை சந்திக் கடை ஐயா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, நீங்கள் வைத்தது உள்ளே இருப்பது தெரிகிற பெட்டிதானே? இங்கே மதகடியில் கறுப்பாக ஒன்று கிடக்கிறது. மாற்றிவிட்டீர்களா?"

நான் எதையும் மாற்றவில்லை. "ஐயா, யாரையும் கிட்டப் போக விடாதீர்கள், வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு ஜியோகேச் விளையாட்டின் செயலியைத் திறந்தேன். முந்தைய நாள் மாலை ஒருவர் பதிவிட்டிருந்தார்: பெட்டியைக் காணவில்லை, அதனால் புதிதாக ஒன்று வைத்து உதவியிருக்கிறேன், கண்டுபிடித்ததாகக் கணக்கில் சேர்க்கிறேன். கூடவே படமும் இருந்தது. ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் குழாய், இரண்டு பக்கமும் மூடி, மேலே முழுவதும் கறுப்பு இன்சுலேஷன் டேப். நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐயா ஒரு வெறும் சோடாப் பெட்டியைக் குறுக்கே வைத்து வழியை மறித்திருந்தார்.

என்னுடைய பெட்டி எங்கும் போகவில்லை. அதே மதகின் உட்புறத்தில், ஆடுகிற கல்லுக்குப் பின்னால், வைத்தபடியே இருந்தது. குழாய் கிடந்த இடத்திலிருந்து இரண்டு பாகம், அதாவது இரண்டு முறை கைகளை விரித்து அளக்கும் தூரம்.

ஜியோகேச்சிங் என்ற இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2000 மே 2 அன்று அமெரிக்கா பொதுமக்களின் ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை நிறுத்தியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஒரேகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்துவைத்து, அதன் ஆள்கூறுகளை, அதாவது இடத்தைக் குறிக்கும் ஜிபிஎஸ் எண்களை, இணையத்தில் வெளியிட்டார். அதுதான் தொடக்கம். இன்றும் முறை அதுவே: ஒருவர் பெட்டியை ஒளித்துவைத்து ஆள்கூறுகளைத் தருவார். மற்றவர்கள் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் கையொப்பமிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வருவார்கள். வைத்தவரே பராமரிக்க வேண்டும்.

நான் 2018 தையில் தொடங்கினேன். இப்போது நான்கு பெட்டிகள் என் பொறுப்பில் இருக்கின்றன: வலிகாமத்தில் இந்த மதகடி, பண்ணைப் பாலத்துக்கு அப்பால் தெரிந்த ஒருவரின் காணி மதில், காரைநகரில் எங்கள் பழைய வீட்டு வேலியோரம், மணற்காட்டில் சவுக்குத் தோப்பு. கோட்டை, கந்தரோடை போன்ற தொல்லியல் இடங்களில் வைக்கவில்லை, வைக்கவும் கூடாது. நான்கு இடங்களிலும் பொறுப்பானவர்களிடம் கேட்டு, பெட்டியைத் திறந்து காட்டிய பின்பே வைத்தேன். கடை ஐயாவிடம் என் தொலைபேசி இலக்கம் இருந்தது அதனால்தான்.

பெட்டிகள் எப்படித் தாக்குப்பிடித்தன என்பதைச் சொல்கிறேன். முதலில் பயன்படுத்தியது பழைய ஃபிலிம் சுருள் குப்பி. வேறு நாடுகளில் அது பெயர்பெற்றது. இங்கே ஒரு ஐப்பசி மழைக்குக்கூட நிற்கவில்லை. வெயிலில் மூடி விரிந்து தளர்கிறது, மழையில் தண்ணீர் உள்ளே போகிறது, அவ்வளவுதான். அடுத்தது காந்தம் ஒட்டிய சிறு குப்பி. பண்ணைப் பக்கத்து உப்புக் காற்றில் காந்தத்தின் நிக்கல் பூச்சு உரிந்து, எட்டாம் மாதம் பார்த்தபோது சாம்பல் நிறப் பொடியாகக் கையோடு வந்தது. இப்போது அங்கே இருப்பது பிரிஃபோம், அதாவது குளிர்பானப் போத்தலாக ஊதப்படுவதற்கு முன்பு இருக்கும் தடித்த பிளாஸ்டிக் குழாய். போத்தல் மூடியே அதற்கும் பொருந்தும். ஐந்து மாரி கடந்துவிட்டது, இரண்டு முறை மூடியை மட்டும் மாற்றினேன். உப்பங்காற்று வீசும் இடங்களுக்கு இதைவிட நல்லதொன்றை நான் காணவில்லை.

நான்கு பக்கமும் கொளுவி பூட்டும் சாப்பாட்டுப் பெட்டியும் நல்லதுதான். ஆனால் அதன் கொளுவி இரண்டாம் வெயிலிலேயே மொறுமொறுப்பாகி ஒடியும். நிழலில் மட்டும் வையுங்கள். மூடியைச் சுற்றியுள்ள சிலிக்கோன் வளையத்தின் பள்ளத்தில் மணல் சேர்ந்தால் பூட்டியும் பயனில்லை. பழைய பல் துலக்கும் தூரிகை ஒன்றை இதற்கென்றே பையில் வைத்திருக்கிறேன். சிலிக்கா ஜெல் பைகளை விட்டுவிட்டேன். சில வாரங்களில் நிரம்பி, அதன்பின் அவையே ஈரப்பொதியாகக் கிடக்கின்றன. எழுதுவதற்குப் பென்சில் மட்டும் வைக்கிறேன், பேனை மை நனைந்தால் எல்லாப் பெயரும் ஒன்றாகிவிடும்.

பெட்டியின் தோற்றத்தைப் பற்றி இந்த மண்ணில் கூடுதலாக யோசிக்க வேண்டியிருக்கிறது. வெளிநாடுகளில் இராணுவத்தின் பழைய தோட்டாப் பெட்டியைத்தான் சிறந்த கேச் பெட்டி என்பார்கள். இங்கேயோ, போர் முடிந்து ஆண்டுகள் பல கடந்தும் முகமாலையில் கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தார்கள். தெரியாத பொருளைத் தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவர்களிடம் சொல் என்று பள்ளிக்கூடத்தில் கற்ற தலைமுறை எங்களுடையது. ஆகவே என் பெட்டிகள் எல்லாம் உள்ளே இருப்பது தெரியும்படியானவை. இது ஒரு விளையாட்டு என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறேன். மண்ணைத் தோண்டி எதையும் வைத்ததில்லை. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்கு மறுநாள் எல்லாவற்றையும் எடுத்துவந்து, ஐந்து மாதம் தற்காலிகமாக மூடிவைத்திருந்தேன்.

அப்படிப் பார்த்துப் பார்த்து வைத்த இடத்தில்தான் ஒருவர் கறுப்பு டேப் சுற்றிய குழாயை வீசிவிட்டுப் போனார். ஆட்டக்காரர்கள் இதை 'த்ரோடவுன்' என்பார்கள். தேடியது கிடைக்காவிட்டால் தானே ஒன்றைப் போட்டு, அதில் தானே கையொப்பமிட்டு, கண்டுபிடித்ததாகப் பதிவது. இரண்டு பெட்டிகளுக்கு இடையில் குறைந்தது 161 மீற்றர் இருக்க வேண்டும் என்பது விதி. மதகடியில் இரண்டும் நான்கு மீற்றருக்குள் கிடந்தன. நான் போகாமல் இருந்திருந்தால் அடுத்து வருபவர்கள் வெளியே கிடக்கும் குழாயைக் கண்டு கையொப்பமிட்டுப் போயிருப்பார்கள். உண்மையான பெட்டி கல்லுக்குப் பின்னால் யாரும் தொடாமல் இருந்திருக்கும். இவையெல்லாம் ஆட்டத்துக்குள் நடக்கும் இழப்புகள். அந்தப் பிள்ளைகள் இருவரும் தள்ளி நின்றார்களே, அதுதான் எனக்கு இன்னும் நெஞ்சில் நிற்கிறது. கிட்டப் போய் எடுத்துப் பார்க்கிற வயது அது.

அவருக்கு எழுதினேன். ஜெர்மனியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. அன்றிரவே பதில் வந்தது. "அண்ணா, மன்னித்துக்கொள்ளுங்கள். உதவி என்றுதான் நினைத்தேன். நாங்கள் இருக்கும் இடத்தில் இப்படிக் குழாய்தான் வைப்பார்கள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அம்மாவிடம் சொன்னேன், அம்மா அழுதுவிட்டா." நான் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. தன் பதிவைத் தானே 'கிடைக்கவில்லை' என்று மாற்றினார்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பது இந்த ஏழு ஆண்டில் எனக்குப் புரிந்திருக்கிறது. என் பெட்டிகளைத் தேடி வருபவர்களில் பாதிக்கு மேல் ஆடி, ஆவணியில் விடுமுறைக்கு வரும் எங்கள் ஆட்கள். கனடா, ஜெர்மனி, இங்கிலாந்து. பெரும்பாலும் ஒரு நாள், அதிலும் அரை நாள்தான் இதற்குக் கிடைக்கிறது. மாமி வீட்டுக்குப் போகும் வழியில் தேடுகிறார்கள். இலங்கையில் ஒரு பெட்டியாவது கண்டால் அவர்களுடைய உலக வரைபடத்தில் இலங்கைக்கு நிறம் ஏறும். பிறந்த ஊர், அம்மா பிறந்த ஊர், வரைபடத்தில் வெறுமையாக இருப்பதை யார்தான் விரும்புவார்கள்? திரும்ப வர மூன்று, நான்கு ஆண்டு ஆகலாம். 'கிடைக்கவில்லை' என்று எழுதக் கை வரவில்லை. அந்த ஆசை எனக்கு விளங்குகிறது. ஆனாலும் போட்ட பெட்டியைக் கண்டுபிடித்ததாக நான் ஏற்றுக்கொள்வதில்லை. முதலில் செய்தி அனுப்பி ஒரு வாரம் பொறுப்பேன், மாற்றாவிட்டால் பதிவை நீக்கிவிடுவேன். உரிமையாளருக்கு அந்த அதிகாரம் இருக்கிறது, அதைப் பயன்படுத்தத் தயங்கக் கூடாது.

'கிடைக்கவில்லை' என்ற பதிவு எனக்கு எவ்வளவு பெறுமதியானது என்று தேடுபவர்கள் அறிந்தால் நன்றாக இருக்கும். அடுத்தடுத்து இரண்டு பேர் அப்படி எழுதினால் அந்த வாரமே போய்ப் பார்க்கிறேன். 2022இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்று கியூஆர் கோட்டில் அளந்து தந்த நாள்களில், எந்தப் பெட்டிக்குப் போவது என்று தீர்மானித்ததே இந்தப் பதிவுகளை வைத்துத்தான். பொய்யாகக் 'கண்டேன்' என்று ஒருவர் எழுதினால், இல்லாத பெட்டி மாதக்கணக்கில் இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பேன். காரைநகரில் அப்படித்தான் ஐந்து மாதம் ஏமாந்தேன்.

மணற்காட்டில் வேறு விதமான தொந்தரவு. அங்கே பெட்டி ஊர்ந்தது. மணலும் நகரும் இடந்தான், ஆனால் சவுக்கு வேரடியில் இருந்த பெட்டியை நகர்த்தியது காற்று அல்ல. முதலில் வந்தவர் இன்னும் மறைவாக இருக்கட்டும் என்று அடுத்த மரத்துக்கு மாற்றினார். இரண்டாமவர் தன் தொலைபேசி காட்டிய இடம் சற்றுத் தள்ளியிருக்கிறதே என்று அங்கே கொண்டுபோய் வைத்தார். தொலைபேசியின் ஜிபிஎஸ் வெட்டவெளியிலேயே மூன்று முதல் ஐந்து மீற்றர் வரை பிசகும், மரத்தடியில் இன்னும் கூடும். நாங்கள் தரும் ஆள்கூற்றில் நிமிடத்தின் கடைசித் தசம இலக்கம் ஒன்று மாறினாலே வடக்குத் தெற்காக 1.85 மீற்றர் வித்தியாசம். அதனால்தான் நான் ஓர் இடத்தை மூன்று வெவ்வேறு நாள்களில் அளந்து சராசரி எடுத்து வெளியிடுகிறேன். வந்தவர் ஒரே ஒரு தரம் பார்த்த எண்ணை நம்பிப் பெட்டியைத் திருத்துகிறார். ஐந்து பேர் கைமாறியபின் நாடாவைப் போட்டு அளந்தேன். 14 மீற்றர். ஆறாவது ஆள் 'கிடைக்கவில்லை' என்று எழுதியது முற்றிலும் சரி.

இப்போது அந்தப் பெட்டியைத் தடித்த தங்கூசியால் (நைலோன் நூல்) வேரோடு கட்டியிருக்கிறேன். கையொப்பமிட நீளம் போதும், கொண்டுபோக நீளம் போதாது. மூடியின் உட்புறத்தில் 'இதே வேரடியில் வைக்கவும், ஆள்கூறு பிழையென்றால் எனக்கு எழுதவும்' என்று ஒட்டியிருக்கிறேன். ஒன்றரை ஆண்டாக அசையவில்லை.

எல்லாவற்றிலும் எனக்கு ஆறாதது ஒரு தாள்தான். 2021 மார்கழியில் மதகடிப் பெட்டியின் கொளுவி ஒடிந்து தண்ணீர் உள்ளே போயிருந்தது. வந்தவர் நனைந்த சுருளை எடுத்து எறிந்துவிட்டு, தன்னிடம் இருந்த புதிய தாளை வைத்துவிட்டு, "பராமரிப்புச் செய்துவிட்டேன்" என்று மகிழ்ச்சியோடு எழுதியிருந்தார். அந்தச் சுருளில் நான்கு ஆண்டுப் பெயர்கள் இருந்தன. முதல் வரியில் ஒரு பிரெஞ்சுப் பயணியின் கையொப்பம். அதற்குக் கீழே, அவரை ஏற்றிவந்த ஓட்டோக்காரர் பென்சிலை அழுத்திப் பிடித்துத் தமிழில் எழுதியிருந்தார்: "ஓட்டோ ஓட்டி வந்தேன். நானும் கண்டேன்." இந்த விளையாட்டை யாழ்ப்பாணத்தில் ஏன் நடத்துகிறேன் என்று யாராவது கேட்டால் அந்த வரியைத்தான் காட்டிவந்தேன். படம்கூட எடுத்துவைக்கவில்லை.

நனைந்த தாள் குப்பை அல்ல. பென்சில் எழுத்து தண்ணீரில் போகாது. சுருளை மெல்லப் பிரித்து, இரண்டு பத்திரிகைத் தாள்களுக்கு நடுவே பரப்பி, மேலே பாரம் வைத்து, ஒரு இரவு மின்விசிறிக்குக் கீழே விட்டால் காலையில் வாசிக்கலாம். காரைநகர்ச் சுருளை இப்படி மூன்று முறை காப்பாற்றியிருக்கிறேன். அதை என்ன செய்வது என்பது உரிமையாளரின் முடிவாக இருக்கட்டும். இடம் இல்லையென்றால் புதிய தாளைப் பக்கத்தில் வையுங்கள், பழையதை எடுக்காதீர்கள். எழுதுவதற்கு 'உரிமையாளர் கவனிக்க வேண்டும்' என்ற பதிவு செயலியிலேயே இருக்கிறது. அதைக் கண்டு நான் கோபித்ததில்லை. கவனிக்காமல் விட்டால் தன்னார்வ மதிப்பீட்டாளர் பெட்டியை முடக்கி, கடைசியில் பட்டியலிலிருந்தே அகற்றிவிடுவார். ஆகவே அது எனக்குச் செய்யும் உபகாரம்.

பெட்டிக்குப் பெட்டி கைமாறி ஊர் ஊராகப் பயணிக்க விடும் இலக்கத் தகடுகள் என் பெட்டிகளில் இப்போது இல்லை. வந்த மூன்றையும் யாரோ எடுத்துப்போய்ப் பதிவிடவே இல்லை. தகடுகளின் உரிமையாளர்கள் கேட்டு எழுதும்போது பதில் சொல்ல என்னால் முடியவில்லை, ஆகவே விவரணத்திலேயே வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஆண்டு ஆனிக் கடைசி வாரத்தில், விடுமுறைக் கூட்டம் வரும் முன்பே, நான்கையும் சுற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு சுருளையும் படமெடுத்தேன். மதகடிப் பெட்டியின் விவரணத்தில் முதல் வரியாக இப்போது தமிழிலும் ஆங்கிலத்திலும் இருப்பது இது: 'பெட்டி உள்ளே இருப்பது தெரியும்படியானது. கறுப்பாகவோ சுற்றிக் கட்டியோ ஏதாவது கண்டால் தொடாதீர்கள், சந்திக் கடையில் சொல்லுங்கள். உங்களிடம் பெட்டி இருந்தால் அதை வீட்டுக்கே கொண்டுபோங்கள்.' ஐயாவிடம் வாசித்துக் காட்டினேன். "கடை ஞாயிறு பின்னேரம் பூட்டு என்பதையும் எழுதிவிடுங்கள் தம்பி" என்றார். எழுதிவிட்டேன்.