நாரி நோவுக்கு ஒரு கொப்பி: 14 மாதம் எழுதிய பிறகு

மட்டக்களப்பு ஆரையம்பதியில் வீட்டோடு இருந்து தைத்துக் கொடுக்கிறேன். போன வருடம் பங்குனியில் நாரி (கீழ் முதுகு) பிடித்து, குனிந்து ஒரு வாளி தூக்க ஏலாமல் போனபோதுதான் பிசியோதெரபிக்குப் போனேன். "0 முதல் 10க்குள் நோ எத்தனை?" என்று கேட்டார்கள். 7 என்றேன்.

முதல் மாதம் போனில் ஒரு ஆப் போட்டு, அந்த எண்ணைத் தினமும் பதிந்தேன். எனக்கு அது சரிவரவில்லை. பின்னேரம் 6 மணிக்கு அது மணியடிக்கும். அதுவரை துணி வெட்டிக்கொண்டிருந்தவள், பதில் சொல்வதற்காகவே நாரியைத் தடவி நோவைத் தேடுவேன். இன்றைக்கு 6, நாளைக்கு 7 என்றால் அன்றிரவு நித்திரை போய்விடும். ஒரு புள்ளி ஏறி இறங்குவதெல்லாம் கணக்கில்லை, 2 புள்ளியாவது மாறினால்தான் உண்மையான மாற்றம் என்று பிறகுதான் தெரிந்தது. போன் மாற்றியதும் எழுதியது எல்லாம் அழிந்துபோனது வேறு கதை.

பிசியோ செய்த தங்கச்சிதான் வழி காட்டினா. "அக்கா, நோவை ஒவ்வொரு நாளும் எண்ண வேணாம். நோவால செய்ய ஏலாமப் போன வேலையள எழுதுங்க." 1995இல் இருந்து பாவனையில் உள்ள முறையாம். மூன்று முதல் ஐந்து வேலைகளை நாமே தெரிவு செய்ய வேண்டும். கொஞ்சமும் ஏலாது என்றால் 0, முன்பு போல ஏலும் என்றால் 10. நோவுக்கு எண் கூடினால் கூடாது, இதற்குக் கூடினால் நல்லது. அதனால் இரண்டையும் வேறு வேறு பக்கத்தில் எழுதுங்கள், நான் ஆரம்பத்தில் குழம்பினேன்.

என் நான்கு: கிணற்றில் தண்ணீர் அள்ளுவது 2, மெசினில் ஒரு மணி நேரம் இருப்பது 3, டவுன் பஸ்ஸில் கல்லடிப் பாலம் வரை நின்றுகொண்டு போவது 4, கோயிலில் நிலத்தில் சப்பாணி கட்டி இருப்பது 1. சராசரி 2.5. மகளின் பழைய சதுரக் கொப்பியில், வெள்ளிக்கிழமை இரவில் மட்டும் எழுதினேன்.

ஆனி மாதம் நோ இன்னும் 6தான். அதை மட்டும் பார்த்திருந்தால் பயிற்சியை விட்டிருப்பேன். ஆனால் மற்றப் பக்கத்தில் 5, 5, 7, 3 என்று இருந்தது. சராசரி 5! நோ குறையும் முன்னரே உடம்பு வேலைக்குத் திரும்பத் தொடங்கிவிட்டது. அதைக் கண்ட இரவில் அழுகை வந்துவிட்டது.

இன்னொன்றையும் கொப்பிதான் பிடித்துக் கொடுத்தது. வாளிதான் வினை என்று நம்பியிருந்தேன். நோ கூடிய கிழமைகளைத் திருப்பிப் பார்த்தால், எல்லாம் எழும்பாமல் தைத்த கிழமைகள். அதற்குப் பிறகு அயன் பொக்ஸை அறையின் மறுபக்கம் வைத்தேன். ஒவ்வொரு தையலை அழுத்தவும் எழும்பி நடந்தே ஆக வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒஸ்வெஸ்ட்ரி படிவமும் நிரப்பினேன். நாரி நோ அன்றாட வேலைகளை எவ்வளவு தடுக்கிறது என்று கேட்கும் கேள்விப் படிவம் அது; எண் கூடினால் சிரமம் கூட. 1980இல் வந்தது. நடை, நித்திரை, பயணம் என்று 10 பகுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. தாம்பத்தியம் பற்றிய பகுதியை விட்டுவிட்டேன். அப்படி விட்டால் 50க்குப் பதிலாக 45க்குக் கணக்குப் பார்க்கலாம். முதலில் 45க்கு 20, அதாவது 44 வீதம். இப்போது 8, அதாவது 18 வீதம். டாக்டரிடம் காட்ட நல்லது, ஆனால் எங்கள் கிணறும் மெசினும் அதில் இல்லை.

மார்கழியில் பள்ளிக்கூட யூனிபோர்ம் தையல் குவிந்து நோ 8க்கு ஏறியது. பயந்துதான் போனேன். ஆடியிலும் இப்படி ஏறி இரண்டு கிழமையில் இறங்கியது கொப்பியில் இருந்தது. அதனால் பாயில் விழாமல் மெல்ல நடந்து திரிந்தேன். இந்த முறையும் இறங்கியது.

கொப்பியின் அட்டையில் சிவப்புப் பேனையால் எழுதி வைத்திருக்கிறேன்: சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தால், குந்தி இருக்கும்போது நிலத்தில் படும் இடம் மரத்துப்போனால், கால் பலம் இழந்தால், எண் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

போன வைகாசி கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்கு மதிலில் சாய்ந்து நின்றுவிட்டு வந்தேன். இந்த வைகாசி நிலத்தில் இருந்தே பார்த்தேன். அந்த வெள்ளி எழுதியது: நோ 3. நிலத்தில் இருப்பது 8. எழும்பும்போது மகள் கை தந்தாள், அதனால் 10 போடவில்லை.