வேற்றுமொழி: ஆள் பேசிக் காட்டுவதா, வீடியோவா?

பிறந்த சில மாதங்களில் குழந்தை எந்த மொழியின் ஒலியையும் பிரித்தறியும். முதல் பிறந்தநாள் நெருங்கும்போது, கேட்டுப் பழகாத ஒலிகளில் அந்தக் கூர்மை மங்கத் தொடங்கும். அதனால்தான் வேற்றுமொழியைச் சீக்கிரமே தொடங்கச் சொல்கிறேன். ஆனால் எப்படி?

2003இல், குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பாட்ரிஷியா கூல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 9 மாத அமெரிக்கக் குழந்தைகள் 12 அமர்வுகளில் மாண்டரின் சீனம் கேட்டார்கள். எதிரே உட்கார்ந்து பொம்மை காட்டி, புத்தகம் வாசித்தவரிடம் கேட்ட குழந்தைகளுக்கு அந்த ஒலிகள் பிடிபட்டன. வீடியோவில் பார்த்தவர்களுக்குப் பிடிபடவில்லை.

நேரில் பேசுபவர் பந்தைப் பார்த்தால் குழந்தையும் பந்தைப் பார்க்கும். சொல்லும் பொருளும் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். குழந்தை வேறு பக்கம் திரும்பினால் அவர் காத்திருப்பார், வீடியோ ஓடிக்கொண்டே இருக்கும். வளர்ந்த பிள்ளைகளுக்கு வீடியோ உதவும், மறுக்கவில்லை. கைக்குழந்தைக்கு என் ஓட்டு ஆளுக்குத்தான், தினமும் 10 நிமிடமே கிடைத்தாலும்.